எந்தப் பட்டறைக்குப் போவது?

ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் காராக இருக்கும். தப்பினால் பெரிய கிராணியின் காராக இருக்கும். லயத்துப் பிள்ளைகள் அதன் பின்னாலேயே ஓடிப் போய்த் தூசியைத் தின்றுவிட்டு வருவார்கள். 1985ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் புரோட்டோன் சாகா வந்தது. 1994ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெரோடுவா கஞ்சில் வந்தது. அதற்குப் பிறகு நிலைமை மெல்ல மாறியது. பட்டணத்துக்காரர்கள் ஓட்டிவிட்டு விற்ற பழைய கஞ்சிலும் பழைய சாகாவும் தோட்டத்துக்குள் வந்து சேர்ந்தன. கஞ்சில் உற்பத்தி 2009ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் தோட்டப்புறச் சாலைகளில் அந்தச் சின்ன வண்டியை இன்றும் பார்க்கலாம்.

காடி வைத்திருப்பது இப்பொழுது பெருமைக்காக அல்ல. ஆஸ்பத்திரி தூரம். இடைநிலைப்பள்ளி தூரம். பஸ் வருகிற பெரிய சாலைக்குச் செம்பனைக் காட்டைக் கடந்து போக வேண்டும். என் வகுப்பில் ஒரு பிள்ளை மூன்று நாள் சேர்ந்தாற்போல் வரவில்லை என்றால், காய்ச்சலா என்று கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடும்: "அப்பா காடி பெங்கேல்ல இருக்கு சார்." காடி நின்றால் பிள்ளையின் படிப்பு நிற்கிறது; வேறு இடத்துக்குக் கூலி வேலைக்குப் போகிற அண்ணனின் சம்பளம் நிற்கிறது; பாட்டியின் சர்க்கரை மாத்திரை நிற்கிறது. ஆகவே காடியை யாரிடம் கொடுத்துப் பழுது பார்ப்பது என்பது குடும்பத்தில் எல்லாரும் சேர்ந்து யோசிக்க வேண்டிய காரியம். ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய பேச்சு என்று தாய்மார்கள் ஒதுங்கிவிட வேண்டாம். பணத்தைக் கணக்குப் பார்த்து வைக்கிறவர்கள் பெரும்பாலும் நீங்கள்தானே?

நம்மில் பலர் பட்டறையைத் தேடுவது எப்பொழுது? காடி நடுவழியில் நின்ற பிறகு. மழை பெய்கிறது, பிள்ளை அழுகிறது, இருட்டப் போகிறது. அந்த நேரத்தில் யார் கை கொடுத்தாலும் அவர் தெய்வமாகத் தெரிவார். அவர் சொல்கிற விலைதான் விலை. சாலை ஓரத்தில் எங்கிருந்தோ ஓர் இழுவை வண்டி வந்து, "ஏறுங்கள், நம்ம பட்டறைக்குப் போவோம்" என்று சொன்னால் ஏறிவிடுகிறோம். எவ்வளவு தூரம், என்ன கூலி, யாருடைய பட்டறை என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்கிற மனநிலையிலும் நாம் இருப்பதில்லை. ஆகவேதான் சொல்கிறேன்: காடி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நாளில் பட்டறையைத் தேடுங்கள். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் இழுவை உதவி சேர்ந்திருக்கிறதா என்றும் அன்றைக்கே பாருங்கள். பலருடைய பத்திரத்தில் அது இருக்கிறது. இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

எப்படித் தேடுவது? சின்ன வேலையைக் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி. மலாயில் மிஞ்ஞாக் ஹீத்தாம் என்கிறோமே, அந்த என்ஜின் எண்ணெய் மாற்றுகிற வேலையை ஒரு புதிய பட்டறையில் கொடுங்கள். கொடுத்துவிட்டுக் காப்பிக் கடைக்குப் போய்விடாமல் பக்கத்தில் நில்லுங்கள். மூடி முத்திரை உடையாத புட்டியைத் திறந்து ஊற்றுகிறாரா, இல்லை ஏதோ ஒரு தகரத்திலிருந்து ஊற்றுகிறாரா? எண்ணெய் வடிகட்டியையும் மாற்றினாரா, இல்லை பில்லில் மட்டும் மாற்றினாரா? பழைய எண்ணெய் முழுவதும் வடியும் வரை பொறுத்தாரா? கடைசியில் அளவுகோலை இழுத்துத் துடைத்து எண்ணெய் மட்டத்தை உங்களுக்குக் காட்டினாரா? அடுத்து எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்று ஓர் ஒட்டுத்தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினாரா? அரை மணி நேரத்து வேலைதான். ஆனாலும் அந்த மனிதரின் குணம் அதற்குள் தெரிந்துவிடும். எண்ணெயில் ஏமாற்றுகிறவர் என்ஜினில் ஏமாற்றமாட்டார் என்று நம்ப இடமில்லை.

இனி ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். செம்பனைக் குலை வெட்டுகிற தொழிலாளி ஒருவர். அவரிடம் ஒரு பழைய கஞ்சில். பட்டணத்துக்குப் போய் வரும் வழியில் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறிவிட்டது. முன்பக்கத்திலிருந்து ஆவி. அருகில் இருந்த ஒரு பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பட்டறைக்காரர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "என்ஜின் போச்சு, பிரிக்க வேண்டும், 1,800 ரிங்கிட் ஆகும்" என்று சொல்லிவிட்டார். தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது. தொழிலாளி மனைவியின் சங்கிலியை அடகு வைக்கப் புறப்பட்டுவிட்டார்.

அந்த அம்மாள்தான் தடுத்தார். "பிரிக்காமலே எப்படிங்க தெரிஞ்சுது?" என்று ஒரு கேள்வி கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பட்டறையில் பதில் இல்லை. காடியை இழுத்துக்கொண்டு வேறொரு பட்டறைக்குப் போனார்கள். அங்கே இருந்த சீனத் தவுக்கே வயதானவர். என்ஜின் ஆறும் வரை தொடவே இல்லை. பிறகு தண்ணீர் மூடியைத் திறந்து பார்த்தார். எண்ணெய் மூடியையும் திறந்து, அதன் அடியில் பாலாடை போல வெள்ளையாக ஏதும் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிக் காட்டினார். இல்லை. தண்ணீர் ஊற்றி என்ஜினை ஓடவிட்டு, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். வரவில்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகையும் இல்லை. சூடு ஏறிய பிறகும் ரேடியேட்டரின் பின்னால் உள்ள மின்விசிறி மட்டும் சுற்றவில்லை. விசிறியை இயக்குகிற சின்ன சுவிட்சு செத்துப் போயிருந்தது. சுவிட்சு, ஒரு ரப்பர் குழாய், கூலி எல்லாம் சேர்த்து 200 ரிங்கிட்டுக்குள் முடிந்தது.

முதல் பட்டறைக்காரர் திருடரா, வேலை தெரியாதவரா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இரண்டில் எதுவானாலும் பணத்தை இழப்பது நாம்தான். காடி சூடேறுவதற்குக் காரணம் பல. தண்ணீர் மூடியின் ரப்பர் தளர்ந்திருக்கலாம், குழாய் வெடித்திருக்கலாம், தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டிருக்கலாம், தண்ணீர்ப் பம்பு ஒழுகலாம், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். இவையெல்லாம் சிறிய காரணங்கள். முதலில் பார்க்க வேண்டியவை. என்ஜின் தலைப்பகுதியின் கேஸ்கெட் எரிந்திருந்தால் அது பெரிய வேலை. உண்மையாகவே பிரிக்க வேண்டும். அதற்கு அடையாளங்கள் உண்டு. அந்தத் தவுக்கே காட்டிய பாலாடை, குமிழி, வெள்ளைப் புகை ஆகியவை அவற்றில் சில. நல்ல வேலைக்காரர் சிறியதிலிருந்து பெரியதற்குப் போவார். எடுத்த எடுப்பிலேயே பெரிய வேலையைச் சொல்கிறவரிடம், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இடையில் ஒன்று. முள் சிவப்புக்கு ஏறினால் உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். இன்னும் இரண்டு கல் தூரம்தானே என்று ஓட்டினால் 200 ரிங்கிட் வேலை 2,000 ரிங்கிட் வேலையாகிவிடும். சூட்டோடு தண்ணீர் மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். பிள்ளைகளைக் கிட்டவே விடாதீர்கள்.

சரி, எத்தனை வகைப் பட்டறைகள் இருக்கின்றன? காரைத் தயாரித்த நிறுவனத்தின் சேவை நிலையம் ஒன்று. புதுக் கார் வாங்கி, உத்தரவாதக் காலம் முடியாமல் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, அங்கேதான் போக வேண்டும். குறித்த கிலோமீட்டரில் பராமரித்ததற்கு முத்திரை இல்லையென்றால், பின்னால் பெரிய பழுது வரும்போது உத்தரவாதத்தை மறுத்துவிட வழி ஏற்படும். கூலி கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் விலைப்பட்டியல் சுவரிலேயே இருக்கும், ரசீது ஒழுங்காக வரும்.

உத்தரவாதம் முடிந்த பழைய வண்டிக்குப் பட்டணத்துப் பட்டறையே போதும் என்பது என் கருத்து. சுங்கை சிப்புட்டோ தெலுக் இந்தானோ கூலிமோ சிகாமட்டோ, எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் அப்பனும் மகனுமாக நடத்துகிற பட்டறை நாலைந்தாவது இருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் வெளியே நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். உங்கள் காரைப் போன்ற கார்கள் நிற்கின்றனவா? புல் முளைத்துச் சக்கரம் இறங்கி மாதக்கணக்காகக் கிடக்கிற வண்டிகள் நிறைய இருந்தால், எடுத்த வேலையை முடிக்காத இடம் என்று அர்த்தம் கொள்ளலாம். டாக்சி ஓட்டுகிறவர்களும் பள்ளி வேன் ஓட்டுகிறவர்களும் எங்கே போகிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்களுக்குக் காடிதான் சோறு. ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போச்சு. ஆகவே மோசமான பட்டறைக்கு அவர்கள் இரண்டாம் முறை போகமாட்டார்கள்.

குளிர்சாதனம், மின்சார வயர், டயர் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கடைகள் உண்டு. அந்தந்த வேலைக்கு அவர்களிடம் போவதுதான் நல்லது. விபத்தில் அடிபட்ட காரின் கதை வேறு. 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்துவிட்டு, காப்புறுதி நிறுவனம் அங்கீகரித்த பட்டறை எது என்று அவர்களிடமே கேளுங்கள். கண்ட பட்டறையில் விட்டுவிட்டால் பிறகு இழப்பீடு வாங்குவது சிரமம்.

இனி நம் தோட்டத்துப் பையன். மரத்தடியில், நாலு ஸ்பேனரும் ஒரு ஜாக்கியும் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிற தம்பி ஒவ்வொரு தோட்டத்திலும் இருக்கிறான். நம்ம பிள்ளை, உறவுக்காரன், கடனுக்கும் செய்வான். அவனை நான் குறை சொல்லமாட்டேன். பேட்டரி மாற்ற, பிளக் மாற்ற, எண்ணெய் மாற்ற, மோட்டார் சைக்கிளின் சங்கிலியை இறுக்க அவன் போதும். ஆனால் பிரேக்கு விஷயத்தில் உறவு பார்க்காதீர்கள். பிரேக் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருந்தால் மிதிக்கும்போது கால் தரை வரை போய்விடும். அந்தக் காற்றை முறையாக வெளியேற்றத் தெரிந்திருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு ஓட்டிச் சோதிக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுப்பதும் உயிருக்கு ஆபத்து. தாங்கி முட்டுக் கொடுக்காமல் யாரையும் அடியில் படுக்க விடாதீர்கள், அவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் சரி. இந்தப் பையன்களுக்கு உண்மையில் நாம் செய்ய வேண்டிய உதவி, அவர்களைத் தொழிற்பயிற்சிக் கழகத்துக்கு அனுப்பி ஒரு சான்றிதழ் வாங்க வைப்பதுதான். அதைப் பற்றி வேறொரு நாள் பேசலாம்.

பிரேக்கைப் போலவே இன்னொன்று டைமிங் பெல்ட். பழைய கஞ்சிலிலும் பழைய சாகாவிலும் என்ஜினுக்குள் ஒரு ரப்பர் பட்டை ஓடுகிறது. வெளியே தெரியாது. ஓசை தராது. ஒரு நாள் அறுந்தால் ஓடுகிற காடி அப்படியே நின்றுவிடும். பல என்ஜின்களில் வால்வுகள் வளைந்து, செலவு என்ஜின் விலைக்கே வந்துவிடும். எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். பழைய கார் வாங்குகிறவர்கள், முன்னிருந்தவர் எப்பொழுது மாற்றினார் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு மாற்றிவிடுவது உத்தமம். மாற்றும்போது தண்ணீர்ப் பம்பையும் பட்டையை இறுக்கிப் பிடிக்கிற உருளையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிரிக்கிற கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். இதைத் தானாகவே எடுத்துச் சொல்கிற பட்டறைக்காரர் உங்களிடம் பணம் பறிக்கிறார் என்று சந்தேகப்பட வேண்டாம். அவர் நல்லதைத்தான் சொல்கிறார். 2005ஆம் ஆண்டில் வந்த மைவி போன்ற பிந்திய வண்டிகளில் பட்டைக்குப் பதில் சங்கிலி இருக்கிறது. அந்த வண்டிக்கு டைமிங் பெல்ட் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

உதிரிப்பாகங்களில்தான் விலை வித்தியாசம் பெரிதாக வரும். ஒரே பொருளுக்கு மூன்று நான்கு விலை இருக்கும். நிறுவனத்தின் அசல் பொருள், வேறொருவர் தயாரித்த பொருள், கழற்றி விற்கிற பழைய பொருள். கெடாய் பொத்தோங் என்று சொல்லும் பழைய சாமான் கடைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பழைய பொருள் எல்லாம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. கதவு, கண்ணாடி, விளக்கு, இருக்கை போன்றவை பழையதாக இருந்தால் என்ன குறைந்துவிடும்? ஆனால் பிரேக் பேட், ரப்பர்க் குழாய், டைமிங் பெல்ட் இவை புதிதாகத்தான் இருக்க வேண்டும். வேறொருவர் தயாரித்ததைப் போட்டுவிட்டு அசலுக்கு உரிய விலையை வாங்குவதுதான் நம்மைக் கெடுக்கிறது. ஆகவே எது போடுகிறீர்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். புதிய பொருளின் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பொருளைத் திரும்பக் கேளுங்கள்.

கேட்பதற்கு மொழி தடையாக இருக்க வேண்டியதில்லை. "பாராங் லாமா சாயா நாக் பாலேக்" என்றால் பழைய பொருள் எனக்குத் திரும்ப வேண்டும் என்று எல்லாருக்கும் புரியும். "ஜாங்கான் புவாட் டூலு, தெலிபோன் சாயா" என்றால் அதிகப்படியான வேலை ஏதும் தெரிந்தால் செய்துவிடாமல் முதலில் எனக்குப் போன் செய்யுங்கள் என்று ஆகிவிடும். இந்த இரண்டு வாக்கியத்தையும் சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். நல்ல பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ளமாட்டார். பழைய பிரேக் பேட்டைக் கையில் கொடுத்து, "பாருங்கள் அம்மா, தகடு தெரிகிறது" என்று காட்டுவதில் அவருக்கே ஒரு பெருமை உண்டு.

எல்லாவற்றையும் காகிதத்தில் வாங்குங்கள். காடியை விடும்போது என்ன வேலை, ஏறக்குறைய என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். எடுக்கும்போது கூலி தனியாகவும் பொருள் தனியாகவும் போட்ட ரசீது வாங்குங்கள். காரின் எண்ணும் அன்றைய கிலோமீட்டர் கணக்கும் அதில் இருக்கட்டும். "எல்லாம் சேர்த்து 650" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் அது ரசீது ஆகாது. வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளை இருந்தால் ஒரு பழைய கணக்குப் புத்தகத்தை எடுத்துத் தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, செலவு என்று நாலு கோடு போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் கணக்குப் பழகும். போன தடவை எண்ணெய் எப்பொழுது மாற்றினோம் என்று வீட்டில் சண்டையும் வராது.

இந்தக் காகிதங்களுக்கு இன்னொரு பயன் உண்டு. நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்கிற எவரும் அதை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், நியாயமான காலத்தில் முடிக்க வேண்டும், விலை முன்பே பேசப்படாவிட்டால் நியாயமான விலைதான் வாங்க வேண்டும் என்று அது சொல்கிறது. பட்டறைகள் வாடிக்கையாளருக்குத் தகவல்களை வெளிப்படுத்த வேண்டும் என்று 2002ஆம் ஆண்டில் தனி விதிமுறைகளே வந்தன.

பழுது பார்த்துப் பத்து நாளில் அதே பழுது திரும்பி வந்தால் முதலில் பட்டறைக்கே போய்ப் பணிவாகச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் சரிசெய்து கொடுத்துவிடுவார்கள். மறுத்தால், திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா என்ற பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பொதுவாக அங்கே வழக்கறிஞர் வைத்துப் பேச இடமில்லை. பட்டறைக்காரரும் தாமே வந்துதான் பேச வேண்டும், நீங்களும் அப்படியே. ஆகவே பயப்பட ஒன்றும் இல்லை. பிரச்சினை ஏற்பட்ட மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். மனுவை எழுதத் தெரியாவிட்டால், 1969ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் கேட்கலாம். உங்கள் தோட்டத்துப் பள்ளி ஆசிரியரிடமும் கேட்கலாம், அவர் மறுக்கமாட்டார். போகும்போது ரசீது, விலை எழுதிய தாள், கழற்றிய பழைய பொருள் மூன்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். முடிந்தால் இன்னொரு பட்டறைக்காரரிடம் பழுது இன்னது என்று எழுதி வாங்கி அதையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.